முந்தி வரும் கிறிஸ்துமஸ்

பண்டிகை ஒரு நாளில் வருவது. அதற்கான ஆயத்தம் பல நாள் நடப்பது. பொங்கலுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிக்கிறோம். தீபாவளிக்கு முன் பலகாரத்திற்கு மாவு இடிக்கிறோம். கிறிஸ்தவ அன்பர்கள் கிறிஸ்துமஸுக்கு முன் குடில் கட்டி, வாயிலில் நட்சத்திர விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். இந்த ஆயத்தத்தை என்று தொடங்குவது என்பதை முன்னாளில் வீடும் வழிபாட்டிடமும் முடிவு செய்தன. இந்நாளில் பெரும்பாலும் கடைத்தெரு முடிவு செய்கிறது. தீபாவளி விளக்கு அணைந்த மறுவாரமே பெருநகரக் கடைகளில் பிளாஸ்டிக் மரங்களும் செந்நிறக் குல்லாய்களும் தோன்றிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் ஏன் இவ்வளவு முந்தி வருகிறது? அதனால் ஆதாயம் அடைபவர் யார், இழப்பவர் யார்? கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

பிழைப்பை நாடி மாநிலம் கடந்து சென்ற தமிழர் வரலாற்றில் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தச் சுரங்கங்களின் நிர்வாகத்தை 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் ஏற்றனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கே சென்று குடியேறினர். சாம்பியன் ரீப், நந்திதுர்க்கம், மைசூர், ஊரிகம் என்பன அங்கு விளங்கிய பெருஞ்சுரங்கங்கள். அவற்றுள் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரத் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பின், 1905இல்தான்.

ஆங்கிலேயரும் பிற ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் அங்கே திரளாக வாழ்ந்தமையால், தங்கவயலைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்தனர். எனவே அவ்வூரில் கிறிஸ்துமஸ் இரு வகையாக நடைபெற்றது எனலாம். பங்களாக்களிலும் கிளப்பிலும் விருந்தும் நடனமும் நிகழ்ந்தன. தொழிலாளர் வாழ்ந்த ‘லைன்’ வீடுகளில் நிகழ்ந்தது எளிய பண்டிகை. காகித நட்சத்திரம், புதுத்துணி, அச்சு முறுக்கு, நள்ளிரவு அல்லது விடியற்கால வழிபாடு, அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டு ஆகியவையே அதன் உறுப்புகள். தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு நிரம்பித் திரும்பிச் செல்வது தமிழர் தெருக்களின் வழக்கம் அன்றோ? பூமிக்கு அடியில், கொதிக்கும் பாறைகளுக்கு நடுவே, முறை வைத்து இரவும் பகலும் உழைத்த ஒருவனுக்கு, குடும்பத்தோடு கழிக்கும் ஒரு முழுப் பகல் என்பதே பெரும் பேறு. அந்த அருமையே பண்டிகைக்கு மதிப்பைத் தந்தது.

இனி, சமயம் வகுத்த காலக்கணக்கைக் காண்போம். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கியதைத் திருவருகைக் காலம் என்பர். அது நவம்பர் 27ஆம் நாளுக்கு முன் தொடங்குவதில்லை. டிசம்பர் 3ஆம் நாளைத் தாண்டுவதுமில்லை. அது கொண்டாட்டத்திற்குரிய காலமன்று. காத்திருத்தலுக்கும் மன அடக்கத்திற்கும் உரிய காலம். கொண்டாட்டம் டிசம்பர் 25ஆம் நாள்தான் தொடங்குகிறது. ஜனவரி 6ஆம் நாள், மூன்று ஞானியர் குழந்தையைக் கண்டதை நினைவுகூரும் திருநாள் வரை தொடர்கிறது. கடையின் காலக்கணக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களில் விழா தொடங்குகிறது. 25ஆம் நாள் மாலையில் முடிந்துவிடுகிறது. 26ஆம் நாள் காலையில் மீந்த சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். காத்திருக்க வேண்டிய நாட்களில் கொண்டாடி, கொண்டாட வேண்டிய நாட்களில் ஓய்ந்துபோகும் இந்த மாற்றத்தைக் கிறிஸ்தவரல்லாதாரும் உணர்ந்துகொள்ளலாம். ஆடி மாதத்தை ‘ஆடித் தள்ளுபடி’ என்றே அறியும் தலைமுறை ஒன்று நம்மிடையே வளர்ந்துவிட்டதை நாம் அறிவோம்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு வியப்பிற்குரியது. ‘முன்கூட்டி வாங்குங்கள்’ என்ற குரலை அமெரிக்க நாட்டில் முதன்முதலில் வலியுறுத்தி எழுப்பியவர்களுள் தொழிலாளர் நலம் நாடியோரும் இருந்தனர். 1899ஆம் ஆண்டு முதல் தேசிய நுகர்வோர் கழகத்தை நடத்திய புளோரன்ஸ் கெல்லி அம்மையார், கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் கடைப்பெண்களும் பொட்டலம் சுமக்கும் சிறுவர்களும் நள்ளிரவு வரை வேலை வாங்கப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். கடைசி நாள் நெருக்கடியே இக்கொடுமைக்குக் காரணம். ஆதலின் மக்கள் சில வாரம் முன்னதாக, பகற்பொழுதிலேயே வாங்கிவிட வேண்டும் என்று அவரைச் சேர்ந்தோர் வேண்டினர். இரக்கத்தினால் எழுந்த அந்த வேண்டுகோளை வாணிகம் தன் வாசகமாக்கிக்கொண்டது. விற்பனைக் காலம் நீண்டது. கடைசி வார நெருக்கடியும் குறையவில்லை.

அடுத்த நிகழ்ச்சி 1939ஆம் ஆண்டில் நடந்தது. அமெரிக்கர் நவம்பர் மாதக் கடைசி வியாழனில் நன்றித் திருநாளைக் கொண்டாடி வந்தனர். அது கழியுமுன் கிறிஸ்துமஸ் விளம்பரம் செய்வது முறையன்று என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்தது. அவ்வாண்டு அந்த வியாழன் 30ஆம் நாளாக அமைந்தது. விற்பனை நாட்கள் குறையுமே என்று வணிகர் முறையிட, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் திருநாளையே ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். பல மாநிலங்கள் உடன்படவில்லை; ஒரே நாட்டில் இரு நாட்களில் ஒரே திருநாள் நடந்தது. இறுதியில், நான்காம் வியாழனே திருநாள் என்று 1941இல் சட்டம் பிறந்தது. கடைக்காக நாள்காட்டியே அசைந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் கடைகள் முந்துவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், தகுதியுள்ள தொழிலாளருக்கு ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் தரவேண்டும் என்றும், கணக்காண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள் அதனை வழங்க வேண்டும் என்றும் விதித்தது. மார்ச்சில் கணக்கு முடிந்தால் நவம்பர் இறுதியே எல்லை. ஆகவே பெரும்பாலோர் கையில் போனஸ் தொகை தீபாவளியை ஒட்டி வந்துசேர்கிறது. டிசம்பர் பிறக்கும்போது அத்தொகை கையில் நிற்பதில்லை என்பதை வணிகர் நன்கு அறிவர். கைபேசி வழியாக விற்கும் நிறுவனங்கள் நவராத்திரிக்கு முன்னரே பெருவிற்பனையைத் தொடங்கி, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று ஒரே சங்கிலியாக நீட்டிவிடுகின்றன. நான்கு மாதம் நீளும் இச்சங்கிலியில், ஒரு மாதச் சம்பளம் வாங்கும் குடும்பம் எத்தனை முறை செலவிட இயலும்?

பணம் தீர்ந்தவனுக்குத் தவணை என்னும் வாயில் திறக்கப்படுகிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லில் எச்சரிக்கை வேண்டும். 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வு வங்கி இத்தகைய திட்டங்களை ஆராய்ந்து, வட்டி வேறு கட்டணங்களுக்குள் மறைக்கப்படுகிறது என்று சுட்டி, வங்கிகள் அவ்வாறு செய்தலாகாது என அறிவுறுத்தியது. ரொக்கமாகத் தந்தால் என்ன விலை, தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, விடைகளைத் தாளில் எழுதிப் பார்த்தால் உண்மை புலப்படும். ஒரு நாள் அணியும் உடைக்காகவும் ஒரு வாரம் எரியும் விளக்குக்காகவும் அடுத்த பள்ளிக்கட்டணம் வரை கடன் கட்டுவது பண்டிகையாகாது.

மீண்டும் ஊரிகத்திற்கு வருவோம். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் அரசு நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கான மக்கள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து ஊரிகம், பங்காருப்பேட்டை வழியாகச் செல்லும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் வாழ்க்கையை மேற்கொண்டனர். தாத்தா முறை வைத்துப் பூமிக்குள் இறங்கினார். பேரன் முறை வைத்து நகரத்திற்குச் செல்கிறான். கடையிலும் கிடங்கிலும் காவற்பணியிலும் அமர்ந்தவருக்கு, நீண்ட விற்பனைக் காலம் என்பது நீண்ட வேலை நேரம் என்றே பொருள்படும். கடை இரவு பத்து மணிக்கு அடைத்தால், கடைசி ரயில் அவருக்காகக் காத்திராது. ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் பொருளைக் கட்டிக் கொடுத்தவர், தம் வீட்டு நட்சத்திரத்தை ஏற்ற நேரமின்றி நிற்கிறார். கெல்லி அம்மையார் கண்ட துயரம் நூறாண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். முந்தி வரும் கிறிஸ்துமஸின் உண்மையான விலை இந்த நேரமே.

வாணிகத்தை முற்றும் பழிப்பது நம் கருத்தன்று. அடுமனைக்காரரும் தையற்காரரும் காகித நட்சத்திரம் செய்யும் குடும்பங்களும் பண்டிகையை நம்பியே ஆண்டின் பெரும்பகுதியைத் தள்ளுகிறார்கள். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் செலவிடும் பணம் தங்கவயலிலேயே சுழன்று, அங்குள்ள ஒரு வீட்டின் அடுப்பை எரிக்கிறது. முன்கூட்டித் தொடங்குவதும் தன்னளவில் குற்றமன்று. ஆங்கிலோ-இந்தியர் இல்லங்களில் கேக்கிற்கான உலர்ந்த பழங்களைப் பல வாரம் முன்னரே ஊறவைப்பதில்லையா? தமிழ்க் குடும்பங்களில் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, பண்டிகை வந்ததும் பலகாரமோ மளிகையோ துணியோ பெறும் சீட்டு முறையும் பன்னிரண்டு மாதம் முன்னதாகத் தொடங்குவதே. இவ்வாயத்தம் கையில் பணம் சேர்க்கிறது. கடையின் அவசரம் கையிலுள்ளதைக் கரைக்கிறது. சீட்டுக் கட்டுவோர் நன்கு அறிந்த, பதிவு பெற்ற இடத்தில் கட்டி, ஒவ்வொரு மாதமும் ரசீது பெற்றுக்கொள்வது நலம்.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் முன்கூட்டிச் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது ஊருக்குச் செல்லும் ரயில் சீட்டு. முன்பதிவு 120 நாட்களுக்கு முன் தொடங்கிய நிலை மாறி, 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்துள்ளது. அதன்படி டிசம்பர் 24ஆம் நாள் பயணத்திற்கு அக்டோபர் 25ஆம் நாளளவில் சீட்டு எடுக்கலாம். அலங்காரப் பொருள் டிசம்பரிலும் கிடைக்கும், இருக்கை கிடைக்காது. முதலில் பயணத்திற்கும், அடுத்துப் பெரியோருக்கும் குழந்தைகளுக்கும் வேண்டிய உடைக்கும், பின்னர் அண்டை வீட்டாருக்குத் தரும் பலகாரத்திற்கும் ஒரு தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சியது இருந்தால் கடைக்குச் செல்லலாம். பொருள்களைப் பகற்பொழுதில், கடைசி வாரத்திற்குச் சற்று முன் வாங்கிவிட்டால், கடையில் நிற்கும் ஒரு தங்கையோ தம்பியோ அன்றிரவு நேரத்தோடு வீடு சேரக்கூடும்.

நட்சத்திர விளக்கை எப்போது ஏற்றுவது என்பதை அவரவர் வீடே முடிவு செய்யட்டும். ஊரிகத்து லைன் வீடுகளில் அது டிசம்பரில் ஏறியது. கையில் அதிகம் இல்லாத மக்கள் காத்திருந்து ஏற்றிய அவ்விளக்கின் கீழ், குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. இவ்வாண்டு உங்கள் இல்லத்திலும், உங்களுக்குப் பொருள் விற்றவர் இல்லத்திலும் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ண இயலுமாயின், அதுவே நல்ல கிறிஸ்துமஸ் ஆகும்.