பேஸ் காணாமல் போகும் நாற்காலி

வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைப்பவர்கள் ஸ்பீக்கருக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். அறைக்கு ஒரு பைசா ஒதுக்குவதில்லை. மிக்ஸிங் செய்பவரின் காதுக்கு வருவதோ ஸ்பீக்கரின் ஒலியும் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலியும் கலந்த கலவை. பெருஞ்சிக்கல் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளில்தான். 4 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 8 மீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ்; அறை இயல்பாக அதிரும் சுருதி அது. பேஸ் கித்தாரின் தடித்த கம்பியை ஒட்டிய சுருதி. அதை ஒலிக்கவிட்டுச் சுவரோரம் நின்றால் அதிரும். அறையின் நடுவுக்கு வந்தால் பெரிதும் அடங்கிவிடும். எதிரெதிராக வரும் அலைகள் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நடுவில் நாற்காலி போட்டவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிவைப்பார். அதே பாட்டு காரில் ஒலிக்கும்போது கதவு கிடுகிடுக்கும்.

காது எதற்கும் பழகிவிடும் என்பதால் அளந்துதான் பார்க்க வேண்டும். எல்லாத் திசை ஒலியையும் சீராக வாங்கும் மைக்கை, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் நிறுத்தி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிச்செல்லும் ஒலியை ஓடவிட்டால், ரூம் இக்யூ விஸார்ட் போன்ற இலவச மென்பொருள் மேடுபள்ளங்களை வரைந்துவிடும். எந்தச் சுருதி அடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதும் தெரியும்.

வரைபடம் கிடைத்தபின் ஈக்வலைசரில் திருத்தினால் போதாதா என்று கேட்கலாம். மேட்டைக் குறைக்க அது உதவும். பள்ளத்தை நிரப்ப உதவாது. 10 டெசிபல் ஏற்றினால் ஸ்பீக்கருக்குப் 10 மடங்கு மின்திறன் வேண்டும். நேரொலி எவ்வளவு கூடுகிறதோ, அதை அழிக்கும் எதிரொலியும் அவ்வளவே கூடும். ஹெட்போன் அறையைத் தவிர்க்கும், உண்மைதான். ஆனால் அதில் இடது காதுக்கு இடப்பக்க ஒலி மட்டுமே போகிறது; ஸ்பீக்கர் முன் இரண்டு காதும் இரண்டையும் கேட்கின்றன. சரிபார்க்க நல்லது, முழுத் தீர்ப்பு சொல்ல அல்ல.

ஆகவே அறையைத்தான் திருத்த வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் பேச்சு புரியாமல் போனதால், 1895இல் இயற்பியலாளர் வாலஸ் சபைன் இதை ஆராயத் தொடங்கினார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஆர்கன் குழலை ஒலித்து, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்ற கணக்கு அங்கே பிறந்தது. அந்தக் கணக்கு இருந்தும், இன்றும் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். 8 மீட்டர் அலைநீளமுள்ள ஒலிக்கு அது இருப்பதே தெரியாது. மெல்லிய ஃபோமும் உச்ச ஒலிகளைத்தான் விழுங்கும். பேஸுக்கு மூலைகளில் தடித்த ராக்வூல் வேண்டும். அதற்கும் முன்னால் நாற்காலியை நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.