உங்களுக்குத் தெரியுமா? பி.எஸ்.ஏ. கூடினாலே புற்றுநோய் அல்ல

புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் மில்லிக்கு 4 முதல் 10 நானோகிராம் வந்தவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை! மறுபக்கமும் உண்டு: 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டாத ஆண்களிலேயே சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது. ஆகவே அந்த ஒற்றை எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. வயதால் பருத்த புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்த் தொற்று, ஏன், முந்தின நாள் விந்து வெளியேறியதுகூட அதை ஏற்றிவிடும். வழுக்கைக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையோ சில மாதங்களில் சத்தமில்லாமல் பாதியாகக் குறைத்துவிடும். டாக்டரிடம் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

மலைக் கிராமமான மஞ்சக்குட்டையில் இருப்பவர், கூடிய எண்ணை உறுதிசெய்ய 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டுமா, அதற்குள் நோய் முற்றிவிடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் மெதுவாக வளர்வது; சில வாரம் கழித்து எடுக்கும் மறுபரிசோதனையில் பலருக்கு எண் தானாக இறங்கிவிடுகிறது. இறங்காவிட்டால் அதைச் சுரப்பியின் கன அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். பி.எஸ்.ஏ. 6, சுரப்பி 60 மில்லி என்றால் 0.10, அதே 6, சுரப்பி 30 மில்லி என்றால் 0.20. பொதுவாக 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், திசு எடுக்கும் ஊசி அதற்கப்புறம்தான். விரல் பரிசோதனையில் கெட்டியாக ஏதும் தட்டுப்பட்டாலோ, விடாத எலும்பு வலி இருந்தாலோ மட்டும் இந்த நிதானம் பொருந்தாது.