உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் செய்யும் சின்தசைசருக்கு எந்த வயர்?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கோயிலிலும் தேவாலயத்திலும் கல்யாண வீட்டிலும் கீபோர்ட் வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை அவர்களில் சிலருக்காவது வரும். ஐசி, ரெசிஸ்டர், கப்பாசிற்றர் பற்றித் தேடிப் படிப்பவர்கள்கூட, அவற்றை இணைக்கும் வயரைக் கையில் அகப்பட்டதில் வெட்டிக்கொள்வதுதான் வழக்கம். ‘ஹூக்-அப் வயர்’ எனப்படும் அந்த மெல்லிய இணைப்பு வயருக்கே இந்தப் பக்கம் முழுவதும்.

★ வீட்டுக்குக் கரண்ட் இழுக்கும் வயர்ச் சுருளில் 1/1.13, 7/0.67 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் உள்ளே எத்தனை இழை என்பது. இரண்டாவது, ஓர் இழையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பது. ஹூக்-அப் வயரையும் இதே முறையில் வாசிக்கலாம். 7/0.2 என்றால் 0.2 மில்லிமீற்றர் இழைகள் ஏழு. சின்தசைசர் வேலையில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு வகையே போதும்.

★ அமெரிக்கக் கணக்கான ‘ஏ.டபிள்யூ.ஜி.’யில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 22 என்றால் விட்டம் 0.64 மில்லிமீற்றர், 24 என்றால் 0.51, 26 என்றால் 0.40, 30 என்றால் 0.25. எண் ஆறு கூடினால் விட்டம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பழைய பிரித்தானிய ‘எஸ்.டபிள்யூ.ஜி.’ கணக்கு வேறு. அதில் 22 என்பது 0.71 மில்லிமீற்றர். ஆகவே கடையில் வெறுமனே “22 தாங்க” என்று கேட்காமல், மில்லிமீற்றரைச் சொல்லிக் கேளுங்கள்.

★ பிரெட்போர்டுக்கு ஒற்றைக் கம்பி. பெட்டிக்குப் பல இழை. ஒற்றைக் கம்பி வளைத்த இடத்தில் நிற்கும், துளைக்குள் நேராக இறங்கும், ஆனால் திரும்பத் திரும்ப அசைந்தால் முறியும். பல இழை வயர் அசைவைத் தாங்கும். பெட்டியின் முகப்பிலுள்ள குமிழுக்கும் பலகைக்கும் இடையே ஓடும் வயர், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அசையும். அங்கே ஒற்றைக் கம்பி வேண்டாம்.

★ பல இழை வயரும் ஓர் இடத்தில் முறியும்: சோல்டர் ஈயம் உறைக்குள் ஏறிப்போய் நிற்கும் எல்லையில். ஈயம் ஏறிய பகுதி விறைத்து ஒற்றைக் கம்பி போலாகிவிடும். அதை அடுத்த மில்லிமீற்றரில்தான் முறிவு. நுனிக்கு மட்டும் ஈயம் வைத்து, உறைக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

★ வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 துண்டை பிரெட்போர்ட் துளைக்குள் திணித்தால், உள்ளேயிருக்கும் வெண்கலக் கவ்வி விரிந்துவிடும். அதன்பின் அந்தத் துளை மெல்லிய கம்பியைப் பிடிக்காது. சுற்று ஒரு நேரம் பாடும், ஒரு நேரம் பாடாது. ஐசி போய்விட்டதென்று நினைத்து அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

★ ஒற்றைக் கம்பிக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது: சுவரில் பதிக்கும் வகைக் கணினி வலை கேபிள், அதாவது கெட் 5ஈ. உறையைக் கிழித்தால் எட்டு வயர், நான்கு சோடி: செம்மஞ்சள், நீலம், பச்சை, மண்ணிறம், அவற்றுக்கு வெள்ளைக் கோடிட்ட துணைகள். அரை மில்லிமீற்றர் தடிப்பு. பிரெட்போர்டுக்கு அளவாக இருக்கும். ஒரு மீற்றர் கேபிள் எட்டு மீற்றர் இணைப்பு வயர் தரும். இரத்தினபுரியிலிருந்து நூறு கிலோமீற்றர் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போக முடியாத நாளில் இதுதான் கை கொடுக்கும்.

★ ஆனால் எந்த வயரையும் வாங்குமுன் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்புத் தோல் போர்த்திய அலுமினியம். எடையிலும் தெரியும்: அலுமினியத்தின் அடர்த்தி 2.7, செம்பின் அடர்த்தி 8.96. இந்தப் போலி வயர் சில வளைவுகளிலேயே முறியும். சுரண்டுபட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது.

ஏன் ஒட்டாது என்பது இரத்தினபுரிக்காரர் நன்றாக அறிந்த ஒரு பொருளால். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மேலே அலுமினியம் ஒட்சைட்டாலான மெல்லிய படலம் போர்த்திக்கொள்ளும். இங்கே ‘இல்லம்’ எனும் கல் படிந்த மண்ணை அள்ளிக் கழுவித் தேடும் நீலக் கல்லும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான். சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்ததால் நீலம், குரோமியம் சேர்ந்திருந்தால் மாணிக்கச் சிவப்பு. 2,000 பாகைக்கு மேலேதான் அது உருகும். 350 பாகையில் நிற்கும் சோல்டரிங் அயன் அந்தப் படலத்தை எப்படி அசைக்கும்?

★ செம்புக்கு ஏன் வெள்ளீயம் பூசுகிறார்கள்? இதன் கதை ரப்பர் தோட்டத்துக்குள் போகிறது. 1876இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ரப்பர் கன்றுகள் ஹெனரத்கொடவுக்கு வந்தன. பின்னர் கேகாலை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட மலைச்சரிவுகளில் நம் மக்கள் விடியலில் பால் வெட்டப் போகும் வாழ்க்கை தொடங்கியது. அந்தப் பாலிலிருந்து வந்த ரப்பர்தான் பல காலம் மின்வயருக்கு உறை. ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்த்தாக வேண்டும். கந்தகமோ செம்பைக் கறுக்கடித்து அரிக்கும். இரண்டுக்கும் நடுவே தடுப்பாக வந்ததே வெள்ளீயப் பூச்சு. பின்னர் ரப்பரின் இடத்தை பி.வி.சி. பிடித்தது, பூச்சு மட்டும் தங்கிவிட்டது. ஈயம் உடனே பற்றும், செம்பு கறுக்காது என்பது அதன் இன்றைய பயன். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை வாங்கும் இரத்தினபுரியில், பூச்சில்லாத வயரைச் சுருளாக வைத்திருந்தால் வெட்டிய நுனிகள் சீக்கிரமே மங்கிவிடும். இங்கே வெள்ளீயம் பூசிய வயருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவே அல்ல.

★ டெஃப்லோன் உறை வயரில் வெள்ளி பூசியிருப்பதைக் காட்டி, ‘சத்தம் சுத்தமாக வரும்’ என்று விற்பவர்கள் உண்டு. உண்மைக் காரணம் சூடு. டெஃப்லோன் 327 பாகையில் உருகும். வயரில் அதை ஏற்ற அதற்கும் மேலே சூடாக்க வேண்டும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் அங்கே வெள்ளி. டெஃப்லோனின் நன்மை, அயன் பட்டாலும் உறை சுருங்காது என்பதே. சாதாரண பி.வி.சி. உடனே பின்வாங்கிச் சுருங்கும். நெருக்கமான பலகையில் வேலை செய்பவருக்கு அது பெரிய உதவிதான். காதுக்கு வித்தியாசம் எதுவுமில்லை.

★ இனி வயர் உண்மையாகவே சுருதியைக் கெடுக்கும் இடம். அனலொக் சின்தசைசர்களில் பெரும்பாலானவை ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கில் பாடும். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரம். ஆக அரைச்சுரம் ஒன்றுக்கு 83 மில்லிவோல்ட். அதை நூறாகப் பிரித்த பங்குக்குச் ‘சென்ட்’ என்று பெயர்: 0.83 மில்லிவோல்ட்.

இப்போது 24ஆம் எண் வயரில் ஒரு மீற்றரை எடுங்கள். அதன் தடை 0.084 ஓம். அதன் வழியே எல்.ஈ.டி. விளக்கு ஒன்றின் 10 மில்லிஅம்பியர் திரும்பிப் போனால், வயரின் இரு முனைகளுக்கும் இடையே 0.84 மில்லிவோல்ட் நிற்கும். சரியாக ஒரு சென்ட்! சுருதியைத் தீர்மானிக்கும் சுற்றும் அதே கிரவுண்ட் வயரைப் பகிர்ந்தால், விளக்கு மின்னும்போதெல்லாம் சுரம் ஒரு சென்ட் நகரும். ஐந்து விளக்கு என்றால் ஐந்து சென்ட். பயின்ற காது அதைப் பிடித்துவிடும். கர்நாடக இசை பேசும் மிகச் சிறிய சுருதி இடைவெளியே ஏறத்தாழ 22 சென்ட்தான்.

மருந்து எளிது. கிரவுண்டுக்குத் தடித்த வயர் போடுங்கள். 18ஆம் எண் என்றால் தடை கால்வாசியாகக் குறையும். விளக்குகளுக்கும் சுருதிச் சுற்றுக்கும் தனித்தனிக் கிரவுண்ட் வயர் இழுத்து, இரண்டையும் பவர் சப்ளையில் ஒரே புள்ளியில் சேருங்கள். நல்ல வயருக்கென்று வைத்திருக்கும் காசு முழுவதையும் இந்த ஓர் இடத்தில் செலவழித்தாலும் தகும்.

★ சிக்னல் வயரின் தடையை நினைத்து மட்டும் கவலைப்பட வேண்டாம். ஒரு பெட்டியின் வெளியீட்டில் 1,000 ஓம் ரெசிஸ்டரும், அடுத்ததன் உள்ளீட்டில் ஒரு லட்சம் ஓமும் இருந்தாலே, ஸ்தாயிக்கு 12 சென்ட் இறங்கிவிடும். வயரின் பங்கு அதில் கண்ணுக்கே தெரியாது.

★ இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். உங்கள் பெட்டி ‘ம்ம்ம்’ என்று முனகினால், கீபோர்டில் 49 ஹேர்ட்ஸில் பாடும் தாழ்ந்த ‘ஜி’யை அழுத்திப் பாருங்கள். முனகல் அதற்கு 35 சென்ட் மேலே நிற்கும். அதே இரைச்சல் ஒரு ஸ்தாயி ஏறி 100 ஹேர்ட்ஸில் கேட்டால், பெரும்பாலும் பவர் சப்ளையின் கப்பாசிற்றரைச் சந்தேகிக்கலாம். 50இல் கேட்டால் வயரைப் பாருங்கள்: சிக்னல் வயர் டிரான்ஸ்போமரை உரசி ஓடுகிறதா? அதைத் தள்ளி வைத்து, ஒரு கிரவுண்ட் வயரோடு முறுக்கி ஓடவிடுங்கள்.

★ தப்பையும் சின்தசைசரோடு இணைக்கலாம். பழைய பஸர்களுக்குள் இருக்கும் பித்தளைப் பீசோ தகட்டைத் தப்பின் தோலில் ஒட்டினால், ஒவ்வொரு அடியும் ஒரு மின்துடிப்பு. அந்தத் துடிப்பால் ஒரு சுரத்தைத் தொடக்கலாம். ஆனால் பீசோவின் சிக்னல் சுற்றுப்புற இரைச்சலை இழுத்துக்கொள்ளும் இனம். இங்கே ஹூக்-அப் வயர் சரிவராது, வலை போர்த்திய மைக் வயர்தான் வேண்டும். நடுக் கம்பி வெள்ளைப் பீங்கான் பக்கத்துக்கு, வலை பித்தளைக்கு. ஓங்கி அடித்தால் பல பத்து வோல்ட் எழும். ஐசியைக் காக்க உள்ளீட்டில் ஒரு ரெசிஸ்டரும் இரண்டு டயோடும் அவசியம். காமன் கூத்துக்கு அடிக்கும் கை ஓங்கியேதான் அடிக்கும்!

★ கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தின் காரீயம் பூமிக்குள் நரம்பு நரம்பாக ஓடுவது. நல்ல தரத்தில் 99 சதவீதம்வரை தூய கரி. காரீயம் மின்சாரத்தைக் கடத்தும். பென்சிலின் உள்ளிருப்பதும் காரீயமும் களிமண்ணும். தாளில் 6பி பென்சிலால் தடித்த கோடு போட்டால் அது ஒரு ரெசிஸ்டர்! 40106 என்ற ஐசிக்கு ஒரு கப்பாசிற்றரையும் இந்தக் கோட்டையும் கொடுங்கள். 9 வோல்ட் பற்றரியில் பாடும். வயர் நுனியைக் கோட்டின் மேல் நகர்த்தினால் சுரம் ஏறி இறங்கும்: கோடு குறுகினால் சுரம் மேலே. ஒரே ஐசியில் இப்படி ஆறு குரல் எடுக்கலாம்.

★ கழித்த பொருளில் கருவி செய்வது இந்த நாட்டில் பழைய வழக்கம். தந்தி அலுவலகத்தின் எட்வர்ட் ஹார்ப்பரும் அங்குள்ள பொறியியலாளர்களும் 1923இல் கொழும்பில் சோதனையாகக் கிராமபோன் இசையை ஒலிபரப்பினார்கள். ஒலிபரப்பி செய்யப்பட்டது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளிலிருந்து. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியாக வளர்ந்தது அதுதான்.

★ மூக் சின்தசைசர் ஒன்று 1969இலேயே அகமதாபாத்துக்கு வந்துவிட்டது. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவினார். துணை நின்றவர் இசைக்கலைஞர் கீதா சாராபாய். அதே 1969இல் இலண்டனில் பிறந்த வி.சி.எஸ்.3 சின்தசைசரின் முகப்பில் சொருகும் வயரே கிடையாது. பலகைத் துளையில் ஊசி குத்தினால் இணைப்பு. ஊசிக்குள்ளேயே ரெசிஸ்டர் ஒளிந்திருக்கும்.

★ இன்றைய ‘யூரோரேக்’ வகைச் சின்தசைசர் பெட்டிகளில் தட்டை நாடா வயரின் ஓரத்துச் சிவப்புக் கோடு, கழித்தல் 12 வோல்ட். சிவப்பென்றால் கூட்டல் என்று பழகிய கை இங்கே தலைகீழாகச் சொருகி ஐசியை எரித்துவிடும். இரண்டு தடவை பார்த்துச் சொருகுங்கள்.

★ டிரான்ஸ்போமரின் 230 வோல்ட் பக்கத்துக்கு ஹூக்-அப் வயரை ஒருபோதும் எடுக்க வேண்டாம். அதற்கு வீட்டு மின்சாரத்துக்கான இரட்டை உறை வயரே வேண்டும், சிக்னல் வயர்களிலிருந்து விலகி. பழகும் காலம் முழுவதும் பற்றரியிலேயே இருங்கள் என்பது என் வற்புறுத்தல்.

★ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவரிடம் சொல்லிவிட: வெள்ளீயம் பூசிய 7/0.2 வயர், சிவப்பு, கறுப்பு, நீலம், மஞ்சள் ஒவ்வொன்றிலும் ஐந்து மீற்றர். அரை மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி, ஏதாவது இரண்டு நிறத்தில். கிரவுண்டுக்கு 1 சதுர மில்லிமீற்றர் பல இழை வயர் இரண்டு மீற்றர், கறுப்பு அல்லது பச்சை. தப்புக்காரர் வீட்டிலிருந்தால் மைக் வயர் மூன்று மீற்றர்.