மீன்கள் ஏன் செத்தன? தண்ணீரைக் கேளுங்கள்!

நேற்று இரவு வாலை ஆட்டிக்கொண்டு நீந்திய மீன், காலையில் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. உடம்பில் காயம் இல்லை. வெள்ளைப் புள்ளியும் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "கண்ணு பட்டுடுச்சு" என்பார் பாட்டி. "கடையிலேயே நோயாளி மீனைக் கொடுத்துட்டாங்க" என்பார் அப்பா. "வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கிச்சு" என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. கடைசியில் பழி விழுவது, தினமும் தீனி போட்ட உங்கள் தலையில்தான்!

கொஞ்சம் பொறுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் பல மீன்கள் சாகின்றன என்றால், பெரும்பாலும் அது நோய் அல்ல, தண்ணீரில்தான் கோளாறு. நல்ல துப்பறிவாளர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: கடந்த சில நாட்களில் தொட்டியில் என்ன மாறியது?

சேலையூரில் எங்கள் குடியிருப்பில், ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். வண்ண மீன் கடைகளுக்குப் பெயர்போன கொளத்தூர் வரை போய் அவள் அப்பா வாங்கி வந்த 7 தங்கமீன்களும் ஒரு கௌராமியும் அவளுடைய செல்லங்கள். ஒரு புதன்கிழமை மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டீச்சர் பாட்டி, மூணு தங்கமீன் செத்துப் போச்சு. கௌராமியும் போச்சு. ஞாயித்துக்கிழமை நான்தான் தொட்டியைக் கழுவினேன். நான்தான் கொன்னுட்டேனா?"

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "அழுகையை அப்புறம் வைத்துக்கொள்வோம். மீதி 4 மீன் உயிரோடு இருக்கிறதே, அதைக் காப்பாற்ற வேண்டாமா?" என்றேன். இருவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம்.

முதல் சந்தேகம் குளோரின் மீது. கிருமிகளைக் கொல்லக் குடிநீரில் குளோரின் கலக்கிறார்கள். நம் வீட்டுக் குழாய்க்கு வரும்போது ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரவிதி. நமக்கு அது காவல். மீனுக்கு அது எமன். ஏனென்றால், மீன் அந்தத் தண்ணீரைச் செவுள் வழியே ஓட்டித்தான் மூச்சு விடுகிறது. மெல்லிய செவுளைக் குளோரின் புண்ணாக்கிவிடும். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, பிடித்த தண்ணீரை அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து உதவும்.

ஆனால் அளவு மிஞ்சிய குளோரின், சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டிவிடும். சிறுமி தண்ணீர் மாற்றியது ஞாயிறு; மீன்கள் செத்தது செவ்வாயும் புதனும். அதோடு, அதே சம்ப் தண்ணீரைப் பயன்படுத்தும் இரண்டாம் மாடி வீட்டிலும் மீன்தொட்டி உண்டு. அவர்களும் அதே ஞாயிறன்று தண்ணீர் மாற்றினார்கள். கால் பங்கு மட்டும் மாற்றினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்! அங்கே ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஆக, குளோரின் விடுதலை.

அடுத்து, ஆக்சிஜன் பற்றாக்குறையா? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். நம் ஊர் மே மாதத்தைச் சொல்ல வேண்டுமா? போர் தண்ணீருக்கு இன்னொரு குறை உண்டு. பூமிக்குள்ளிருந்து அப்போதுதான் வருவதால் அதில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கலாம்.

இதற்கு மட்டும் ஓர் அருமையான சாட்சி இருந்தது. யார் தெரியுமா? செத்துப்போன கௌராமி! கௌராமியும், ஃபைட்டர் மீனும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாக வாயில் வாங்கிச் சுவாசிக்கக் கூடியவை. நம் ஏரி விராலும், பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். அதனால்தான் கோடையில் குட்டை வற்றிச் சேறாகும்போது மற்ற மீன்கள் செத்தாலும் விரால் தாக்குப்பிடிக்கிறது. செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளில் கழிவுநீர் கலப்பதைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடும். அப்படி ஓர் ஏரியில் கெண்டைகள் மட்டும் மிதந்து விரால் பிழைத்திருந்தால், ஆக்சிஜன்தான் குற்றவாளி என்று ஊகிக்கலாம். இங்கே கௌராமியே போய்விட்டது. எனவே தண்ணீரில் ஏதோ விஷம் இருந்திருக்க வேண்டும்.

கொசு மருந்தா என்றும் கேட்டேன். கொசு விரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் அறையில் இருக்கும் காற்றைத்தானே உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது? நீங்கள் அடிக்கும் ஸ்பிரேயும் கூடவே உள்ளே போய்விடும். மாநகராட்சி வண்டி தெருவில் புகை அடித்துக்கொண்டு வரும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியையும் ஜன்னலையும் மூடிவிடுங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் மோட்டாரைப் போடுங்கள். சிறுமி வீட்டில் கொசுவலைதான். அந்த வாரம் புகை வண்டியும் வரவில்லை.

"சரி, ஞாயிற்றுக்கிழமை என்னவெல்லாம் செய்தாய்? ஒன்று விடாமல் சொல்."

"கூழாங்கல்லை எல்லாம் வெந்நீர்ல போட்டுத் தேய்ச்சேன். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில பிழிஞ்சு வெயில்ல காயவெச்சேன். தண்ணி முழுசும் புதுசு. தொட்டி பளபளன்னு இருந்துச்சு பாட்டி!"

அகப்பட்டது துப்பு!

அந்தத் தொட்டியில் 8 மீன்கள் மட்டும் வசிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கல்லிலும் கண்ணாடியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபில்டர் பஞ்சிலும் குடியிருந்தன. மீன் தன் உடலில் சேரும் அமோனியா என்ற நஞ்சைச் செவுள் வழியே வெளியே விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். வெந்நீரும், குளோரின் தண்ணீரும், வெயிலும் சேர்ந்து இந்தத் துப்புரவுப் படையை ஒரே நாளில் அழித்துவிட்டன. மீன்களோ வழக்கம்போல அமோனியாவை விட்டுக்கொண்டே இருந்தன. ஞாயிறு, திங்கள், செவ்வாய்... நஞ்சு ஏறிக்கொண்டே போனது. காரத்தன்மை மிகுந்த தண்ணீரிலும், வெப்பமான தண்ணீரிலும் அமோனியாவின் கொடுமை இன்னும் கூடும்.

இரண்டாம் மாடி வீட்டில் அமோனியா சோதிக்கும் மருந்து இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சிறு குப்பியில் எடுத்து, சொட்டுகளை விட்டோம். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாக மாறியது. சிறுமி வாயைப் பிளந்தாள்.

புதிதாகத் தொட்டி வாங்கிய அன்றே பத்துப் பன்னிரண்டு மீன்களை விட்டால் சாவதும் இதனால்தான். பாக்டீரியா பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஒன்றிரண்டு மீன் போதும்.

இதில் ஒரு சுவையான வரலாறும் உண்டு. 1850-ல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், கண்ணாடிப் பாத்திரத்தில் 2 தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வளர்த்த தம் சோதனையை விவரித்து எழுதினார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அவர் கழுவிக் கொட்டவில்லை. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. பாக்டீரியாக்களின் பங்கு அவருக்குத் தெரியாது. பின்னாளில் அவர் மகன், அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான், மண்ணில் அமோனியா நைட்ரேட்டாவது இரண்டு படிகளில் இரண்டு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890-ல் அதைச் சாதித்தவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. அப்பா மீன்தொட்டியில் விட்ட புதிருக்கு மகன் பாதி விடை கண்டார் பாருங்கள்!

நம் கதைக்கு வருவோம். அன்று மாலையே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். அடுத்த 5 நாளும் அப்படியே. இரண்டு நாள் தீனி கிடையாது. அதனால் மீன் பட்டினியால் செத்துவிடாது. இரண்டாம் மாடி வீட்டு ஃபில்டரிலிருந்து அழுக்குப் பஞ்சில் பாதியை வெட்டி வாங்கி வந்தோம். "ஐயே, இந்த அழுக்கையா உள்ள போடப் போறீங்க?" என்று சிறுமியின் அம்மா முகம் சுளித்தார். அந்த அழுக்கில்தானே படைவீரர்கள் இருக்கிறார்கள்! மறுநாள் இன்னொரு மீன் செத்தது. மற்ற 3 மீன்களும் பிழைத்துக்கொண்டன.

"அப்போ நான்தான் காரணமா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். "காரணம் நீ கழுவிய விதம். தொட்டிக்குள் இன்னும் பல பேர் குடியிருப்பதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!" என்றேன். இப்போது அவள் ஃபில்டர் பஞ்சைக் குழாயில் காட்டுவதில்லை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசி, ஈரத்தோடு திரும்ப வைக்கிறாள்.

ஒரு விஷயம் பாக்கி. புயலில் கரண்ட் போய்விட்டால்? 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி நேர்ந்தால் ஒரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றுங்கள். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் செய்தால் போதும். தீனியை நிறுத்திவிடுங்கள். நீண்ட நேரம் கழித்துக் கரண்ட் வந்தால் ஃபில்டரை உடனே போடாதீர்கள். உள்ளே தேங்கிக் கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு சுவிட்சைப் போடுங்கள்.