மோட்டார் சைக்கிள் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மாற்றுதல்

கேம் ஷாஃப்ட் என்பது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்யும் சுழல் தண்டு ஆகும். தமிழில் இதை நெம்புருள் தண்டு என்றும் கூறுவர். பட்டறைகளில் கேம் ஷாஃப்ட் அல்லது கேம் என்ற பெயரே வழங்குகிறது. இது தேய்ந்தால் புதியது மாற்ற வேண்டும். மாற்றும்போது இரண்டு செய்திகள் முதன்மையானவை: பழைய கேம் ஏன் தேய்ந்தது என்று கண்டறிவது, புதியதை டைமிங் பிசகாமல் பொருத்துவது.

பின்னணி

1980-களில் தமிழக ஊர்ப்புறங்களில் பரவலாக ஓடிய டிவிஎஸ் 50, ராஜ்தூத், யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் கேம் ஷாஃப்ட் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட் இதற்கு விலக்கு. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, 1994-இல் வந்த ஸ்பிளென்டர் ஆகியவற்றுக்குப் பின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகின. 2015-இல் வெளிவந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வழியாக மொபெட்டிலும் கேம் ஷாஃப்ட் இடம்பெற்றது.

பழனியை அடுத்த மலையடிவாரப் பேரூராட்சியான பாலசமுத்திரம் போன்ற ஊர்களில், பால் கேனும் கொய்யாக் கூடையும் ஏற்றிச் செல்வது இத்தகைய 100 சிசி வண்டிகள்தாம். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். எனவே ஒருமுறை மாற்றிய கேம் நீண்ட நாள் உழைப்பது அவசியம்.

இயங்கும் முறை

கேம் ஷாஃப்டில் முட்டை வடிவ மேடுகள் உள்ளன. தண்டு சுழலும்போது மேடு ராக்கரைத் தள்ளுகிறது. ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கிறது. ஸ்பிரிங் அதை மீண்டும் மூடுகிறது. உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் என்ற நான்கு வீச்சுகளுக்குள் கிராங்க் 2 சுற்றும் கேம் 1 சுற்றும் சுழலும். ஆகவே கேமின் பல்சக்கரத்தில், கிராங்கில் உள்ள பல்சக்கரத்தைப் போல் இருமடங்கு பற்கள் இருக்கும். இரண்டையும் டைமிங் செயின் இணைக்கிறது.

இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் கேம் 3,000 சுற்று சுழல்கிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. இந்த உராய்வைத் தாங்குவது மேட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே.

தேய்மானத்தின் அறிகுறிகள்

டேப்பட் சரிசெய்த சில நாள்களிலேயே மீண்டும் 'டிக் டிக்' ஓசை வருவது, ஏற்றத்தில் இழுவை குறைவது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாவது ஆகியவை அறிகுறிகள். ஆனால் தளர்ந்த டைமிங் செயினும் ஓசை எழுப்பும். ஹெட் மூடியைத் திறந்து மேட்டின் முனையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முனையில் குழி, கீறல், தட்டையான பகுதி தென்பட்டாலோ, மேட்டின் உயரம் கையேட்டில் உள்ள வரம்புக்குக் கீழ் இருந்தாலோ கேமை மாற்ற வேண்டும்.

காரணம் அறிதல்

கேம் தேய்வதற்குப் பெரும்பாலும் எண்ணெய்க் குறைவே காரணம். 100 சிசி வண்டிகளில் எண்ணெய் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதில் கால் பங்கு குறைந்தாலும் சூடு கூடும். பாரத்துடன் தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஓட்டும்போது நிலைமை மோசமாகும். கேம் இன்ஜினின் உச்சியில் இருப்பதால் எண்ணெய் கடைசியாகவே அங்கு வந்து சேர்கிறது.

எனவே புதிய கேமை மாட்டுமுன் எண்ணெய் வலையையும், ஸ்பிளென்டர் போன்றவற்றில் கிளட்ச் பக்கம் உள்ள சுழல் வடிகட்டியையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் துளையில் காற்றடித்து அடைப்பு நீக்க வேண்டும். ராக்கரின் உரசும் முகத்தில் குழி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழைய ராக்கர் புதிய கேமை விரைவில் அரித்துவிடும்.

கழற்றுதல்

இன்ஜின் முழுதும் ஆறிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். மேக்னட்டில் உள்ள 'டி' குறி, மூடியில் உள்ள குறியோடு சேரும்வரை கிராங்கைச் சுழற்ற வேண்டும். அப்போது பிஸ்டன் உச்சியில் இருக்கும். இரண்டு டேப்பட்டும் தளர்வாக இருந்தால் அது அழுத்த வீச்சின் முடிவு. இறுகியிருந்தால் இன்னும் ஒரு சுற்று சுழற்ற வேண்டும்.

பிறகு செயின் டென்ஷனரைத் தளர்த்திப் பல்சக்கரத்தின் போல்ட்டுகளைக் கழற்றலாம். செயின் இன்ஜினுக்குள் விழாமல் கம்பியால் கட்டி வைப்பது நல்லது. போல்ட்டு உள்ளே விழக்கூடிய வழிகளைச் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும்.

பொருத்துதல்

புதிய கேமைப் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம், போல்ட்டுத் துளை, பேரிங் அமரும் இடம் ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். மேடுகளிலும் பேரிங்கிலும் எண்ணெய் தடவி, மேடுகள் ராக்கரை அழுத்தாத நிலையில் கேமை உள்ளே செலுத்த வேண்டும். மேக்னட்டின் 'டி' குறி அசையாமல் இருக்க, பல்சக்கரத்தின் குறி ஹெட்டில் உள்ள குறியோடு சேருமாறு செயினை மாட்ட வேண்டும்.

இங்கு ஒரு பல் தவறினாலும் விளைவு பெரிது. கேம் பல்சக்கரத்தில் 28 பற்கள் எனக் கொண்டால் ஒரு பல் என்பது கேமில் சுமார் 13 பாகை, கிராங்கில் சுமார் 26 பாகை. வண்டி ஸ்டார்ட் ஆகலாம். ஆனாலும் இழுவை இருக்காது. தவறு கூடினால், பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

கையால் சுழற்றிப் பார்த்தல்

டென்ஷனரை இறுக்கிய பின், கிக்கரை உதைக்காமல் ஸ்பேனரால் கிராங்கை மெதுவாக 2 முழுச் சுற்று சுழற்ற வேண்டும். வழியில் எங்கேனும் தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வலிந்து சுழற்றக் கூடாது. 2 சுற்று முடிந்ததும் இரு குறிகளும் மீண்டும் சேர்ந்தால் டைமிங் சரி. சில நிமிடமே பிடிக்கும் இந்தச் சோதனை, ஹெட்டை மறுபடி பிரிக்கும் செலவைத் தவிர்க்கிறது.

அடுத்து ஃபீலர் கேஜ் கொண்டு டேப்பட் இடைவெளியை வைக்க வேண்டும். இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். வண்டிக்கு வண்டி மாறுவதால் கையேட்டின் அளவையே பின்பற்ற வேண்டும்.

புல்லட்டில் உள்ள வேறுபாடு

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் கேம் ஹெட்டில் இல்லை. வலப்புற டைமிங் மூடிக்குள் இரண்டு தனித்தனிக் கேம்கள் பல்சக்கரங்களோடு இயங்கி, புஷ் ராடு வழியே ராக்கரைத் தள்ளுகின்றன. செயினுக்குப் பதிலாகப் பற்களில் உள்ள புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். புஷ் ராடு விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஓட்டத் தொடங்கும் முன்னும் பின்னும்

புதிய எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலே பலமுறை கிக்கரை உதைத்தால் எண்ணெய் மேலே ஏறும். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தபின் ஹெட்டுக்கு எண்ணெய் வருவதை உறுதிசெய்ய வேண்டும். வரவில்லை என்றால் இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் அதிக பாரம் ஏற்றாமல் ஓட்டி, எண்ணெயை மாற்றி, இன்ஜின் ஆறிய நிலையில் டேப்பட்டை மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி அதற்குள் பெரிதாக மாறியிருந்தால் தேய்மானம் தொடர்கிறது என்று பொருள். எண்ணெய் வரும் வழியை மீண்டும் ஆராய வேண்டும்.