சிதறிய செவிகளைத் தேடி

ஓர் இசைத்தட்டு விற்பனையாவதற்குத் தட்டு மட்டும் இருந்தால் போதாது; அதைக் கேட்க விழையும் செவி அருகில் இருத்தல் வேண்டும். மக்கள் பெருந்திரளாகக் கேட்கும் திரையிசைக்கு இஃது ஒரு சிக்கலே அன்று. யித்திஷ் மொழிப் பாடலுக்கும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் திருமண இசையாகிய கிளெஸ்மருக்கும் நிலைமை வேறு. அவற்றை விரும்புபவர் ஒருவர் புவனோஸ் ஐரிசில் இருப்பார். மற்றொருவர் மெல்போர்னில் இருப்பார். மூன்றாமவர் தம் ஊரில் அவ்விசையை அறிந்த ஒரே மனிதராக இருப்பார். இவ்வாறு சிதறிக் கிடக்கும் செவிகளைத் தேடிச் செல்வதே யூத இசையை விற்போரின் நெடுநாளைய வேலையாகும்.

அரக்குத் தட்டின் காலம்

'கிளெஸ்மர்' என்னும் சொல், இசைக்கருவிகளைக் குறிக்கும் எபிரேயத் தொடரிலிருந்து பிறந்தது. பின்னர் அது கலைஞரையும், அதன்பின் இசையையும் குறிக்கலாயிற்று. 1880ஆம் ஆண்டு முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினர். கொலம்பியா, விக்டர் முதலிய இசைத்தட்டு நிறுவனங்கள் அவர்களுக்கெனத் தனிப் பட்டியல்களை வெளியிட்டன. தொழுகைக்கூடப் பாடகர் யோசெலே ரோசன்பிளாட்டின் குரலும், நாப்தூலே பிராண்ட்வைனின் கிளாரினெட்டும் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டுகளில் பதிவாயின. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். அத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது என்பது பலர் அறியாத செய்தி.

அன்று செவிகள் அருகருகே இருந்தன. ஒரு தெருவில் கடை வைத்தால் அத்தெருவே வாங்கியது. 1924இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்திற்கு மாறினர். ஐரோப்பாவிலோ நாஜிகள் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றனர். யித்திஷ் பேசியோரில் பெரும்பகுதியினர் அவர்களோடு மாண்டனர். எஞ்சிய தட்டுகள் வீட்டுப் பரண்களில் தூசி படிந்தன. 1970களில் இளங்கலைஞர் சிலர் அத்தட்டுகளைத் தேடியெடுத்துக் கேட்டே கிளெஸ்மரை மீண்டும் வாசிக்கப் பழகினர். அவர்களின் நாடாக்களும் குறுந்தகடுகளும் பெரும்பாலும் அஞ்சல் வழியே விற்பனையாயின. பட்டியல் ஒன்று அஞ்சலில் செல்லும். காசோலை திரும்பி வரும். பின்னர்ப் பொட்டலம் புறப்படும்.

பெயர் தெரியாத பாடல்

இணையக் கடை வந்தபோது தொலைவு என்னும் தடை நீங்கியது. ஆயினும் அதுவரை எவரும் எண்ணிப் பாராத வேறொரு தடை முளைத்தது. பழைய கடையில் வாடிக்கையாளர் மெட்டை வாய்க்குள் முனகினாலே போதும். கடைக்காரர் தட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். இணையத்தின் தேடல் பெட்டிக்கோ எழுத்து வேண்டும்.

'ஹனுக்கா' என்னும் விளக்குத் திருவிழாவின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் எபிரேய முதலெழுத்துக்கு நிகரான எழுத்து ஆங்கிலத்தில் இல்லை. ஆதலால் சிலர் 'எச்' எழுத்தில் தொடங்கி எழுதுவர். சிலர் 'சி', 'எச்' ஆகிய இரண்டையும் சேர்த்து எழுதுவர். 'என்', 'கே' ஆகியவற்றை ஒற்றையாகவும் இரட்டையாகவும் இடுவோரும் உளர். ஒரு விழாவின் பெயருக்கே இந்நிலை எனில், எபிரேய எழுத்தில் எழுதப்படும் ஆயிரக்கணக்கான யித்திஷ் பாடல்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஒரே பாடல் செருமானிய முறைப்படி ஒரு தட்டிலும் ஆங்கில முறைப்படி மற்றொரு தட்டிலும் எழுதப்பட்டிருக்கும். ரோசன்பிளாட்டே சில இடங்களில் யோசெலே, சில இடங்களில் ஜோசப். பழைய தட்டுகள் சிலவற்றின் ஒட்டுத்தாளில் 'இசைக்குழு' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. வாசித்தவர் யார் என்பதை ஒலியைக் கேட்டே ஆய்வாளர் துணிய வேண்டும்.

ஆகவே, இத்தகைய இசையை இணையத்தில் ஏற்றுபவர் வணிகராக மட்டுமின்றி, ஓரளவு நூலகராகவும் விளங்க வேண்டியவராகிறார். ஒவ்வொரு பாடலுக்கும் பன்னிரண்டு குறிகள் கொண்ட பன்னாட்டு அடையாள எண் இடவேண்டும். பாடியவர், இயற்றியவர், மொழி, ஆண்டு ஆகியவற்றை நிரப்பவேண்டும். 'இசைவகை' என்னும் கட்டம் வரும்போது பெருங்கடைகளின் பட்டியலில் பெரும்பாலும் 'உலக இசை', 'சமய இசை' என்பவையே எஞ்சும். திருமண ஆட்டத்திற்குரிய துள்ளலிசையைச் சமய இசை என்று குறித்தால், அதனைத் தேடுபவர் ஒருபோதும் அங்கு வந்து சேரார். பார்ப்பதற்கு எழுத்தர் வேலை போலத் தோன்றும் இதில் நேரும் ஒரு பிழை, பாடலை இரண்டாம் முறையாகப் பரணில் ஏற்றிவிடும்.

வழக்கங்களும் விற்பனையும்

எல்லா இசையும் செயலிக்குள் வந்துவிட்டது என்று கூறுவது இன்று இயல்பாகிவிட்டது. யூத இசையைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. சமயநெறியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் குடும்பங்கள் பல, இணையம் இல்லாத கைப்பேசியையே பயன்படுத்துகின்றன. அவர்களுக்குக் குறுந்தகடும், பாடல்கள் ஏற்றப்பட்ட சிறு கருவியும் இன்றும் தேவைப்படுகின்றன. பாஸ்கா விழாவுக்கும் சவுயோத் விழாவுக்கும் இடைப்பட்ட வாரங்களின் ஒரு பகுதியில் கருவியிசையைத் தவிர்ப்பது பலரின் வழக்கம். அக்காலத்திற்கென்றே குரல் மட்டும் ஒலிக்கும் பாடல் தொகுப்புகள் வெளியாகின்றன. பெண்கள் பாடுவதை ஆண்கள் கேட்கலாகாது என்று கருதும் பிரிவினரிடையே பெண் கலைஞர்கள் தம் தொகுப்பில் 'பெண்களுக்கு மட்டும்' என்று பொறித்து விற்கின்றனர். கேட்பவர் ஆணா பெண்ணா என்பதைச் செயலி அறியாது. ஆதலின் அவர்களுள் சிலர் பொதுச் செயலிகளைத் தவிர்த்து நேர்விற்பனையையே நாடுகின்றனர்.

காசுக் கணக்கு

செயலிகளில் ஒரு பாடலை ஒருமுறை கேட்டால் உரிமையாளருக்குக் கிடைப்பது அமெரிக்க சென்ட்டில் ஒரு சிறு பின்னமே. கோடிக்கணக்கானோர் கேட்கும் பாடலுக்கு அது செல்வமாகத் திரளும். சில நூறு பேர் கேட்கும் பாடலுக்குத் திரள வழியில்லை. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு உரிமத்தொகை இல்லை என்னும் விதியை நடைமுறைப்படுத்தியது. பன்னிரண்டு தாலாட்டுகள் கொண்ட யித்திஷ் தொகுப்பு ஒன்றை முந்நூறு குடும்பங்கள் விரும்பிக் கேட்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொரு தாலாட்டும் ஆண்டுக்கு 900 முறை ஒலித்தால் மொத்தம் 10,800 முறை ஆகிறது. வருவாயோ சுழியம்.

அதே முந்நூறு குடும்பங்கள் தலா 10 டாலர் கொடுத்துத் தொகுப்பைப் பதிவிறக்கம் செய்தால் 3,000 டாலர் சேரும். 2008இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப் போன்ற நேர்விற்பனைத் தளம் அதில் 15 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் நீங்கலாக எஞ்சுவது 2,550 டாலர். அடுத்த தொகுப்பின் ஒலிப்பதிவுக் கூட வாடகைக்கேனும் அது உதவக்கூடும். வாங்குபவர் இசைந்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் கலைஞருக்குக் கிடைக்கும். சிதறிய செவிகளை நாடுபவருக்கு அம்முகவரி பணத்தினும் அரியது.

பழைய தட்டுகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. 2018இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 சனவரி முதல் நாளில் பொதுவுடைமை ஆயின. அடுத்து வந்தவை நூறாண்டு நிறைவுறும்போது ஆண்டுதோறும் விடுபடுகின்றன. புளோரிடா மாநிலத்தின் போகா ரேட்டன் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழக ஒலிக்காப்பகம், பரண்களிலிருந்து வரும் தட்டுகளை எண்மமாக்கிப் பலவற்றைக் கட்டணமின்றிக் கேட்கச் செய்கிறது. இலவசமாகக் கிடைப்பதை எவர் விலை கொடுத்து வாங்குவர் என்னும் வினா எழலாம். தூய்மை செய்த ஒலியையும், பாடலின் வரலாற்றையும், மொழிபெயர்ப்பையும் நாடுவோர் வாங்குகின்றனர்.

அவ்வரலாறு எத்துணை மதிப்புடையது என்பதற்குக் கீவ் நகரம் சான்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோவியத் யூதர்கள் புனைந்த யித்திஷ் பாடல்களை மோய்சே பெரெகோவ்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் திரட்டினர். போர்வீரரும் அகதிகளும் சிறுவரும் பாடியவை அவை. 1950இல் பெரெகோவ்ஸ்கி கைது செய்யப்பட்டார், ஏடுகள் கைப்பற்றப்பட்டன. அழிந்தன என்று கருதப்பட்ட அவை 1990களில் கீவிலுள்ள தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. பலவற்றுக்குச் சொற்கள் இருந்தன, மெட்டு இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்னா ஷ்டெர்ன்ஷிஸ் ஏடுகளை ஆராய, பாடகர் ப்சோய் கொரொலென்கோ அக்காலத்தில் வழங்கிய மெட்டுகளைப் பொருத்தினார். 'யித்திஷ் குளோரி' என்னும் பெயரில் 2018இல் வெளிவந்த அத்தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

நமக்கு மிக அண்மையிலும் இத்தகைய இசை உண்டு. கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் விழாக்களிலும் மலையாளத்தில் பாடிவந்தனர். பாடல்களைக் கையேடுகளில் எழுதிக் காத்தனர். 1950களில் அவர்களுள் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களின் பாடல்களைக் கொண்ட குறுந்தகட்டை எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்டது. அழகிய கிளியை விளிக்கும் அதன் தலைப்பு ஆங்கிலத்தில் உள்ளது. பாடல்கள் மலையாளத்தில் உள்ளன. பாடிய பெண்களின் பேரப்பிள்ளைகள் பேசுவதோ எபிரேயம். பாட்டியின் பாடலை அப்பேரப்பிள்ளைகளுள் ஒருவர் தேடும்போது எம்மொழியில் தட்டச்சு செய்வார் என்பது, பட்டியலை நிரப்புபவர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியதாகிறது.