சர்வதேச நாணய நிதியமும் வாக்குரிமைச் சீர்திருத்தமும்

1944ஆம் ஆண்டு யூலை மாதம் பிரெற்றன் வூட்ஸில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிச் சர்வதேச நாணய நிதியத்துக்கு வித்திட்டபோது, ஆசிய ஆபிரிக்க நாடுகளிற் பெரும்பாலானவை குடியேற்ற ஆட்சியின் கீழிருந்தன. 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மகாநாடு சர்வதேச நாணய முறையிலே மாற்றம் வேண்டுமெனக் கோரியது. அக்கோரிக்கை இன்றும் நிறைவேறாதிருப்பதன் காரணத்தை நாம் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

நிதியத்தின் அங்கத்துவ நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்குத்தொகை விதிக்கப்பட்டுள்ளது. அந்நாடு செலுத்தவேண்டிய பணம், அதன் வாக்குப்பலம், பெறத்தக்க கடனின் அளவு ஆகிய மூன்றுக்கும் இதுவே அடிப்படை. 2021ஆம் ஆண்டு ஓகஸ்டில், கொள்ளைநோய் நெருக்கடியினிடையே, 650 பில்லியன் டொலர் பெறுமதியான சிறப்பு எடுப்பனவு உரிமைகள் பகிரப்பட்டபோதும் இவ்வளவுகோலே பின்பற்றப்பட்டது. அதனால் மிக வறிய நாடுகள் அனைத்துக்குமாகக் கிடைத்தது ஏறத்தாழ 21 பில்லியன் டொலரே. தேவை மிகுந்தவனுக்குக் குறைவாகவும் தேவையற்றவனுக்கு நிறைவாகவும் வழங்கும் பகிர்வு இது.

2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்திய இலங்கைக்கு, 2023 மார்ச்சில் நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு அங்கீகாரமளித்தது. வரி, மின்கட்டணம், அரச செலவு ஆகியவற்றைத் தொடும் நிபந்தனைகள் அக்கடனோடு வந்தன. அவற்றை விதிக்கும் சபையிலே இலங்கையின் வாக்குப்பலமோ ஏறத்தாழ 0.14 வீதம் மாத்திரமே. நிபந்தனையின் சுமையைத் தாங்கும் மக்களுக்கு அதனை வகுப்பதிற் பங்கில்லை என்பதே இதன் பொருள்.

பங்குத்தொகைகளை மாற்றுவதற்கு மொத்த வாக்குகளில் 85 வீதம் வேண்டும். ஐக்கிய அமெரிக்கா ஒன்றே 16 வீதத்துக்கு மேல் வைத்திருப்பதால் அதன் சம்மதமின்றி எதுவும் அசையாது. 2010 டிசெம்பரில் ஆளுநர் சபை ஏற்றுக்கொண்ட சீர்திருத்தம், அமெரிக்கக் காங்கிரசு 2015 டிசெம்பர் வரை தாமதித்தமையால், 2016 சனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. 2023 டிசெம்பரில் முடிவுற்ற மீளாய்வு பங்குத்தொகைகளை 50 வீதத்தால் உயர்த்தத் தீர்மானித்தது. ஆயினும் நாடுகளுக்கிடையிலான விகிதங்களைத் தொடவில்லை.

சீனா போன்ற பெரிய நாடுகளின் பங்கை உயர்த்துவது நியாயமே. ஆனால் அதனால் மட்டும் சிறிய நாடுகளின் குரல் வலுப்பெறாது. இதற்கான பரிகாரத்தின் வித்து நிதியத்தின் சாசனத்திலேயே உண்டு. எல்லா நாடுகளுக்கும் சமமாக வழங்கப்படும் அடிப்படை வாக்குகள் தொடக்கத்தில் மொத்தத்தில் ஏறத்தாழ 11 வீதமாயிருந்தன, இன்று 5.5 வீதமே. அன்றியும், சாசனத்தைத் திருத்துவதற்கு 85 வீத வாக்குகளோடு அங்கத்துவ நாடுகளில் ஐந்தில் மூன்று பங்கின் சம்மதமும் வேண்டும். இந்த இரட்டைப் பெரும்பான்மை முறையைக் கடன் நிபந்தனைகள் பற்றிய தீர்மானங்களுக்கும் விரிப்பதும், அடிப்படை வாக்குகளை முன்னைய அளவுக்கு உயர்த்துவதும், தனியொரு நாட்டின் தடையுரிமையை நீக்குவதும் நாம் வலியுறுத்தும் மாற்றங்களாம்.

பூட்டின் திறப்பை வைத்திருப்போர் அதனைத் தாமாகத் தரமாட்டார்கள் என்பது உண்மையே. எனினும் 2010ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் எப்போது பிறந்தது என்பதை நோக்குதல் வேண்டும். 2008இன் நெருக்கடிக்குப்பின் நிதியத்துக்குச் சீனா, இந்தியா, பிரேசில் ஆகியவற்றின் பணம் தேவைப்பட்டபோதே அது சாத்தியமாயிற்று. வளர்முக நாடுகள் தனித்தனியே கடன் கேட்டு நிற்கும்வரை அவை மனுதாரர்களே. ஒன்றிணைந்து பேரம் பேசும்போதே அவை பங்காளிகளாகும்.